பெருந்தன்மையால் கலைந்த அணி

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு எங்கள் தலைவர் பெருந்தன்மையாக நடந்துகொள்ளத் தீர்மானித்தார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம் இருந்தது. பதற்றம் வந்தால் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன், அதனால் நேரம் நினைவிருக்கிறது.

எங்களுடையது கிள்ளானில் இயங்கும் ஒரு பெண்கள் காற்பந்துச் சங்கம். கிள்ளான் சங்கத்துக்கு ஒரு மணி நேர ரயில் பயணத் தொலைவில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஏன் கூட்டம் என்று கேட்கக்கூடாது. டத்தோ பட்டம் பெற்ற எங்கள் புரவலருக்கு அதுதான் பக்கம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் குளிர்சாதன அறையை எடுத்திருந்தோம். டத்தோ வந்தார், குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்றினார், படம் எடுத்துக்கொண்டார், “அஞ்சு நிமிசத்துல வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்பி வரமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவருக்காக ஒரு தட்டு வடை மூடி வைக்கப்பட்டது. பிறகு தேவாரம், வரவேற்புரை, தலைமையுரை, துணைத் தலைவர் உரை, தலைமையுரையைப் பாராட்டி உதவித் தலைவர்கள் மூவரின் உரை. காற்பந்து என்ற சொல் முதன்முதலாக உச்சரிக்கப்பட்டபோது மூன்று மணி ஆகிவிட்டது.

வேலை என்னவோ சின்னதுதான். பருவம் முடிந்ததும் லீக் விதிப்படி எல்லா ஆட்டக்காரர்களின் ஒப்பந்தமும் முடிந்துவிடும். அடுத்த பருவத்துக்கு யாரை வைத்துக்கொள்கிறோம் என்று சங்கம் அன்று மாலை ஆறு மணிக்குள் லீக்கின் இணையதளத்தில் சொல்ல வேண்டும். வைத்துக்கொள்ளாதவர்கள் ஃப்ரீ ஏஜெண்ட். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காவிட்டால் வீட்டில் உட்காரலாம். எங்களிடம் இருபத்திரண்டு பெண்கள் இருந்தார்கள். புதிய விதியின்படி பதினாறு பேரைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஆறு பேரை விடுவிக்க வேண்டும். அவ்வளவுதான்.

என் கவலை அந்த ஆறில் ஒருத்தி என் மகளா என்பது.

என் மகளுக்கு இருபத்து நான்கு வயது. தற்காப்பில் ஆடுகிறாள். போன பருவத்துக்கு முந்தைய பருவத்தில் சுங்கை பூலோவில் ஒரு திடலில் கால் மாட்டித் திரும்பியதில் முட்டித் தசைநார் அறுந்துபோனது. நான் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. அந்தத் தசைநாரின் பெயரையும், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லித் தருகிறவள். அறிவு ஒரு உதவியும் செய்யவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து அவள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும், ஒவ்வோர் ஆட்டத்தையும் நான் என் சுடிதார் துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் பார்த்தேன்.

அவளுக்கு இன்னொரு பருவம் வேண்டும். மேருவில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. வேலை, வீடு, வேலை என்று இருப்பவள். திடலுக்குப் போகும் நாளில் மட்டும்தான் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கும். இந்தச் சங்கம் விட்டால், தைத்த முட்டியோடு இருக்கிற தற்காப்பு ஆட்டக்காரியை வேறு எந்தச் சங்கமும் எடுக்காது. அது அவளுக்கும் தெரியும். அன்று காலையில் பசியாறும்போது சொன்னாள்: “மா, என்னைப் பத்தி அங்க ஒன்னும் பேசாதீங்க. சும்மா உக்காந்துட்டு வாங்க. புரியுதா?”

புரிந்தது. ஆனால் என் மனத்தில் இருந்தது வேறு. அவள் கட்டாயம் வேண்டும் என்று பத்துப் பேர் என்னிடம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். என் மகள் தேவைப்படவும் வேண்டும், ஆடாமலும் இருக்க வேண்டும். பெற்றவர்களின் கணக்கு இப்படித்தான் இருக்கிறது.

முதல் ஐந்து பேரை விடுவிப்பது எளிதாக முடிந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காரணம் மிக நேர்மையானது: அந்த ஐந்து பேருக்கும் அறையில் யாரும் இல்லை. எங்கள் செயலவையில் மகளோ, தங்கையோ, தம்பி மகளோ அணியில் இல்லாதவர் ஒருவர்கூடக் கிடையாது. இந்த ஐந்து பெண்கள் தாங்களாகவே வந்து சேர்ந்தவர்கள். அதில் ஒருத்தி முன்னால் ஆடுகிறவள், செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறிக் கடையில் வேலை பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பயிற்சிக்கு வருவாள். நாங்கள் போட்ட கோல்களில் பெரும்பாலானவை அவள் போட்டவை.

“நல்லா ஆடுற பிள்ளதான்” என்றார் துணைத் தலைவர். “ஆனா கட்டுப்பாடு பத்தாது. நம்ம தீபாவளி விருந்துக்கு வரல.”

“அன்னிக்கு அதுக்கு வேலை” என்றேன் நான், மெதுவாக.

“சிஸ்டர், ஒழுக்கம்னா ஒழுக்கம்தான் லா.”

நான் அதற்கு மேல் பேசவில்லை. என் மகளுக்காக வாயைத் திறக்காமல் இருக்கச் சொல்லப்பட்டவள் நான். அந்தக் கட்டளையை இங்கேயும் பயன்படுத்திக்கொண்டேன். பயிற்சியாளரைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் செயலவை உறுப்பினர் இல்லை. தவிர, பருவம் முடிந்த மறுநாளே அவர் தன்னைத்தானே விடுவித்துக்கொண்டு எங்கள் எதிரிச் சங்கத்துக்குப் போய்விட்டார். எதிரிச் சங்கம் என்றால் வேறு யாருமில்லை, கிள்ளானிலேயே நாங்கள் பிரிந்து வந்த தாய்ச் சங்கம். ஓர் ஆண்டு விழாவில் பொன்னாடையை யாருக்கு முதலில் போர்த்துவது என்பதில் கருத்து வேறுபாடு வந்து பிரிந்தோம்.

ஐந்து பேர் முடிந்தது. இன்னும் ஒருத்தி. இனி அறையில் ஆள் உள்ளவர்கள் மட்டும்தான் மிச்சம். எல்லாரும் வடையைப் பார்த்தோம்.

அப்போதுதான் மூன்று இருபது. தலைவர் எழுந்தார். ஒலிவாங்கி தேவையில்லாத அறையில் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“மத்தவங்க பிள்ளைய லிஸ்ட்லேருந்து எடுங்கன்னு சொல்ற ஆள் நான் இல்ல. என் தம்பி மகளை எடுத்துடுங்க. சங்கம்தான் முக்கியம்.”

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்தால், தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்பீர்கள். இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். நீங்கள் கேட்பதை விட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பீர்கள். அவர்கள் குடிப்பார்கள். முதல் ‘வேண்டாம்’ என்பது விடை அல்ல, அது வணக்கம் போல ஒன்று. தலைவர் சொன்னதும் அந்த வகைதான். நாங்கள் உடனே எழுந்து, “அதெப்படி! அந்தப் பிள்ளை இல்லாம டீமா!” என்று கூச்சல் போட்டிருக்க வேண்டும். ஆனால் தலைவரை மறுத்துப் பேசி யாருக்கும் பழக்கமில்லை. கடைசியாக ஒருவர் மறுத்துப் பேசியபோதுதான் பொன்னாடை விவகாரம் வந்தது. எனவே மரியாதையாக அமைதியாக இருந்தோம்.

தலைவரின் முகம் கறுத்தது.

பொருளாளர்தான் நிலைமையைக் காப்பாற்றப் பாய்ந்தார். “தலைவர் வீட்டுப் பிள்ளைய எடுத்தா நமக்கு என்ன மரியாதை? அதை வைங்க. அதுக்குப் பதிலா என் மக ரெண்டு பேரையும் எடுத்துடுங்க.” ஒரு பெண்ணுக்கு இரண்டு பெண்கள். ஏலம் போலத் தொடங்கிவிட்டது.

“அட, ரெட்டைப் பிள்ளைங்கள பிரிக்கவா முடியும்? என் தங்கச்சிய எடுங்க” என்றார் செயலாளர்.

“உங்க தங்கச்சிக்கு இப்பதான் கல்யாணம் பேசிருக்கு, மனசு ஒடஞ்சிரும். என் மகள எடுங்க” என்றார் உதவித் தலைவர்களில் ஒருவர்.

ஒவ்வொருவரும் பேசி உட்கார்ந்ததும் கைதட்டல். தட்டாவிட்டால் மதிக்கவில்லை என்று ஆகிவிடும். ஆனால் தட்டியதோடு நின்றுவிட்டோம். யாரும் யார் கையையும் பிடித்து, “உக்காருங்க, உங்க பிள்ளை இருக்கட்டும்” என்று சொல்லவில்லை. சொல்வதற்கான நேரத்தில் எல்லாரும் தங்கள் தியாகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதையெல்லாம் மடிக்கணினியில் பதிந்துகொண்டிருந்தவர் எங்கள் துணைச் செயலாளர். முப்பத்தைந்து வயதுக் கணக்காளர். சுபாங்கில் ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்தவர். தமிழ் நன்றாகவே பேசுவார். ஆனால் ஒரு முறை அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி வேண்டுமா என்றார். வேண்டாம்பா என்றேன். சரி ஆன்டி என்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம் தொண்டை காய்ந்து பேசிவிட்டு வந்தேன். அவரைப் பொறுத்தவரை மனிதர்கள் சொல்வதைத்தான் நினைக்கிறார்கள்.

என் முறை வந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் எனக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இருந்தவர்கள் தியாகம் செய்து முடித்து, என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பேசாதீங்க என்று மகள் சொன்னது காதில் இருந்தது. அதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் பார்வை கனமாக இருந்தது. எழுந்தேன்.

“என் மகளுக்கு முட்டி இன்னும் முழுசா சரியாகல. அவ எடத்த வேற நல்லா ஆடுற பிள்ளைக்குக் குடுங்க.”

சொல்லிவிட்டு உட்காரவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். அவள் இல்லாமல் தற்காப்பில் யார் நிற்பது என்று ஒருவராவது கேட்பார் என்று நின்றேன். போன பருவத்தின் கடைசி ஆட்டத்தில் கோல் கோட்டின்மேல் விழுந்து அவள் பந்தை நிறுத்தியதை அங்கிருந்த எல்லாரும் பார்த்தவர்கள்தான்.

“தாயுள்ளம்!” என்றார் தலைவர். “கைதட்டுங்க.”

தட்டினார்கள். நான் உட்கார்ந்தேன். என் மகளின் பருவம் அவ்வளவு சத்தமாக முடிந்தது.

தேத்தண்ணி வந்தது. எல்லாரும் நல்ல காரியம் செய்த களைப்போடு இருந்தோம். யாரோ ஒருத்தியைத் தலைவர் கடைசியில் தேர்ந்தெடுப்பார், மற்றவர்கள் தப்பிப்பார்கள், எல்லாருக்கும் தியாகி என்ற பெயர் மிஞ்சும் என்ற நினைப்பு. துணைச் செயலாளர் தொண்டையைக் கனைத்தார்.

“சரி, கன்ஃபர்ம் பண்றேன். விடுவிச்சது இருபத்தொன்னு. என் தங்கச்சியையும் சேர்த்துட்டேன், எல்லாருக்கும் ஒரே ரூல்தானே. வச்சிக்கிட்டது ஒன்னு.”

கோப்பைகள் பாதி வழியில் நின்றன.

“என்ன ஒன்னு?” என்றார் தலைவர்.

“ஒரு பிளேயர், அங்கிள். ரெண்டாவது கோல்கீப்பர். அவங்க அப்பா இன்னும் வரலை.”

“தம்பி, ஒருத்தியதானடா எடுக்கணும்?”

“நீங்க எடுத்துடுங்கன்னு சொன்னீங்க. எடுத்துட்டேன். அப்புறம் பொருளாளர் அங்கிள் சொன்னாரு. அவரோடதையும் எடுத்தேன்.”

“அவரு என் பிள்ளைக்குப் பதிலா எடுக்கச் சொன்னாரு லா! அப்ப என் பிள்ளைய திருப்பி வைக்கணும்ல?”

“திருப்பி வைக்க பட்டன் இல்லை அங்கிள். ரிலீஸ் பண்ணா ரிலீஸ்தான். உடனே பிளேயருக்கு மெசேஜ் போயிரும்.”

“அது மரியாதைக்குச் சொல்றதுப்பா!” என்று பொருளாளர் கத்தினார். “மரியாதைக்குச் சொன்னா அப்படியே தட்டிருவியா?”

துணைச் செயலாளர் கோபப்படவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். “மரியாதைக்குச் சொல்றீங்களா, நெஜமா சொல்றீங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

மாடியில் படித்தவர்கள் இருந்தோம். ஆசிரியை, வழக்கறிஞர், ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. ஆளுக்கொரு வடையை எடுத்துக் கடித்தோம்.

கூட்டம் தொடங்கும்போது கைப்பேசிகளின் சத்தத்தை நிறுத்தச் சொல்லியிருந்தார் தலைவர். இப்போது எடுத்துப் பார்த்தோம். எனக்கு மகளிடமிருந்து ஓர் அழைப்பும் இல்லை, ஒரு செய்தியும் இல்லை. மற்றவர்களுக்குத் தலா பத்து இருபது இருந்தது. அவர்கள் பாடு பரவாயில்லை என்று தோன்றியது. திட்டுவதற்காவது அவர்களின் பிள்ளைகள் கூப்பிட்டிருந்தார்கள்.

லீக் அலுவலகத்துக்கு அழைத்தோம். ஞாயிற்றுக்கிழமை. யாரும் எடுக்கவில்லை. துணைத் தலைவர், இதை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்றார். அதற்குத் தலைவராக இருக்கத் தனக்கு விருப்பமில்லை என்றும், ஆனால் கேட்டுக்கொண்டால் மறுக்க மாட்டேன் என்றும் சொன்னார். துணைச் செயலாளர் தட்டச்சு செய்யக் கையை நீட்டியதும் மூன்று பேர் பாய்ந்து கணினியை மூடினார்கள்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு, வியர்வையில் சட்டை ஒட்ட, இரண்டாவது கோல்கீப்பரின் அப்பா வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை காரை நிறுத்த இடம் தேடிய மனிதர். கூட்டம் தொடங்கியதிலிருந்து சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

“மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க. முப்பது ரவுண்டு ரயில் நிலையத்தையே சுத்திட்டேன். என்ன முடிவாச்சு?”

“எல்லாரும் அவங்கவங்க பிள்ளைய எடுக்கச் சொல்லிட்டோம்” என்றேன்.

அவர் உடனே நெஞ்சில் கை வைத்தார். “அப்படியா? அப்ப என் மகளையும் எடுத்துடுங்க. நான் மட்டும்...”

“வேண்டாம்!” என்று அறையே அலறியது. தலைவர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க பிள்ளை இருந்தே ஆகணும்! அது இல்லாம டீமே இல்ல!” அன்று பிற்பகல் முழுக்க யாரும் யாருக்கும் சொல்லாத சொல். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மாற்று ஆட்டக்காரியாகப் பெஞ்சில் உட்கார்ந்தே பருவத்தை முடித்த மகளுக்கு இவ்வளவு மதிப்பா என்று ஒவ்வொருவர் கையையும் பற்றிக் குலுக்கினார். விளக்கிச் சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

ஐந்து மணிக்குப் பெண்கள் விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. விருந்துக்கு இருபத்திரண்டு பேரையும் அழைத்திருந்தோம்; விடுவிக்கப்படப் போகிறவர்களையும் சேர்த்துத்தான். அது நினைவுக்கு வந்தபோது கீழே படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

முதலில் என் மகள் வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைத்தான் பார்த்தேன். கைப்பிடியைத் தொடாமல் ஏறி வந்தாள். அவளுக்குப் பின்னால் சந்தையில் வேலை செய்யும் அந்த முன்னணி ஆட்டக்காரி. அவர்களுக்குப் பின்னால் படி முழுக்கத் தலைகள். தலைவரின் தம்பி மகளுக்கு அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கொமுட்டர் ரயில்ல வந்துக்கிட்டு இருந்தோம், மா” என்றாள் என் மகள். குரலில் கோபம் இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. பின்னால் நின்ற சந்தைப் பெண்ணைக் காட்டினாள். “மொத இவளுக்கு மெசேஜ் வந்துச்சு. நாங்க எல்லாரும் ஆறுதல் சொல்லிக்கிட்டு இருந்தோம். சுபாங் ஜெயா தாண்டறதுக்குள்ள ஆறுதல் சொன்னவங்க எல்லாருக்கும் வந்திருச்சு. ஒவ்வொரு ஃபோனா டிங் டிங்னு. டிரெயின்ல இருந்தவங்க எங்களுக்கு லாட்டரி அடிச்சிருச்சுன்னு நெனைச்சிட்டாங்க.”

“உனக்கு?” என்றேன். முட்டாள்தனமான கேள்வி.

“எனக்குக் கடைசி. மத்தவங்களுக்கு வந்தப்பகூட எனக்கு வராதுன்னு நெனைச்சேன். நீங்க அங்க இருக்கீங்களே.”

அதற்கு நான் எதைச் சொல்லியிருக்க முடியும்? மரியாதைக்குச் சொன்னேன் என்றா?

அவளே தொடர்ந்தாள். அவர்கள் ரயிலில் இருக்கும்போதே பழைய பயிற்சியாளர் இந்த முன்னணி ஆட்டக்காரியை அழைத்திருக்கிறார். இவள் ஃப்ரீ ஏஜெண்ட் என்றதும் தாய்ச் சங்கம் உடனே எடுத்துக்கொள்ளத் தயார். பழைய அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறார்கள், இடம் நிறைய இருக்கிறது. இவள்தான் நிபந்தனை போட்டிருக்கிறாள்: வந்தால் எல்லாரும் வருவோம். பயிற்சியாளர் தயங்கியது ஒரே ஒரு பெயருக்கு.

“யார் பேருக்கு?” என்று கேட்டேன்.

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. என் முட்டிதான்.”

நான் அந்தச் சந்தைப் பெண்ணைப் பார்த்தேன். அவள் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தாள். எங்கள் தீபாவளி விருந்துக்கு வராத சிரிப்பு.

“நான் சொன்னேன் ஆன்டி, அவ பின்னாடி நின்னாத்தான் நான் முன்னாடி போவேன். இல்லாட்டி போ பாஸ், வேற ஆளைப் பாருன்னேன். சரின்னுட்டாரு.”

பத்து நிமிடத்துக்குள் அவளை நாங்கள் முடித்துவிட்டோம். அவள் ஒரு வாக்கியத்தில் என் மகளைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டாள். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். தலைவர் முந்திக்கொண்டார். பெண்கள் எல்லாரும் உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், இதையெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று தழுதழுத்தார். யாரும் உட்காரவில்லை.

“சாப்பிட வரல அங்கிள்” என்றாள் அந்தச் சந்தைப் பெண். பிறகு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்த துணைச் செயலாளரைத் திரும்பிப் பார்த்தாள். “எங்களுக்கு ரெண்டாவது கோல்கீப்பர் இல்லை. அவ மட்டும் இங்க மாட்டிக்கிட்டா. ஆறு மணிக்குள்ள அவளையும் ரிலீஸ் பண்ணிடுங்க. நெஜமாத்தான் கேக்குறேன்.”